பி-2 ரேடாரில் தெரியாதா? ஸ்டெல்த் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 ஜூன் 22 அன்று அமெரிக்காவின் ஏழு பி-2 குண்டுவீச்சு விமானங்கள் ஈரானின் ஃபோர்டோ, நதான்ஸ் அணுசக்தி நிலையங்கள் மீது 14 கனரக குண்டுகளைப் போட்டுவிட்டுப் பத்திரமாகத் திரும்பின. உடனே தமிழிலும் பலர் "ரேடாருக்கே தெரியாத விமானம்" என்று எழுத ஆரம்பித்தார்கள். ராணுவ விஷயங்களை ஆர்வத்தோடு படிக்கிறவர்கள்கூட இந்த வாக்கியத்தை அப்படியே நம்பிவிடுகிறார்கள். அதை நம்பினால் மற்ற எல்லாமே தப்பாகப் புரிகிறது, அதனால் அங்கிருந்தே தொடங்கலாம்.

ரேடாருக்குத் தெரியாத விமானம் என்று ஒன்று கிடையாது. ரேடார் அனுப்பும் அலை விமானத்தில் பட்டுத் திரும்பி வருகிறது. அந்த எதிரொலி எவ்வளவு பலவீனமோ, அவ்வளவு அருகில் வந்த பிறகுதான் விமானம் தெரியும். ஸ்டெல்த் என்கிற மறைவுத் தொழில்நுட்பம் செய்கிற வேலை அந்தத் தூரத்தைச் சுருக்குவது மட்டும்தான். அதுவும் எளிதில் சுருங்காது. எதிரொலியைப் பதினாறில் ஒரு பங்காகக் குறைத்தால்தான் தூரம் பாதியாகும். பத்தாயிரத்தில் ஒரு பங்காக்கினால்தான் பத்தில் ஒன்றாகும். சாதாரண விமானத்தை 400 கி.மீ. தொலைவில் பிடிக்கிற ரேடார், அப்படிக் குறைக்கப்பட்ட விமானத்தை 40 கி.மீ.யில் பிடிக்கும். மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் வரும் விமானம் 400 கி.மீ.யைக் கடக்க ஏறத்தாழ 27 நிமிடம் ஆகும், 40 கி.மீ.யைக் கடக்க மூன்று நிமிடம்கூட ஆகாது. தரையில் இருப்பவர்களுக்குக் கிடைக்கும் அவகாசம் அவ்வளவுதான். அதோடு, ஒன்றோடொன்று பின்னியிருந்த ரேடார் வட்டங்கள் சுருங்கி நடுவில் இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளி வழியாகத்தான் விமானம் நுழைகிறது.

அடுத்த தவறு, எல்லாப் பெருமையையும் பெயின்டுக்குக் கொடுப்பது. ரேடார் அலையை உறிஞ்சும் பூச்சு உண்டு, அதற்கு ஓயாத பராமரிப்பும் வேண்டும். பி-2 விமானங்களைக் குளிரூட்டிய ஹேங்கர்களில் வைத்துக் காப்பது அதனால்தான். ஆனால் பெரும்பாலான வேலையைச் செய்வது வடிவம். கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தால் டார்ச் வெளிச்சம் வேறு பக்கம் போவது போல, அலை வந்த திசைக்கே திரும்பாமல் விலகிப் போகும்படி உடலைச் செதுக்குகிறார்கள். இதற்கான கணக்கில் பெரும்பங்கு சோவியத் விஞ்ஞானி பியோத்தர் உஃபிம்ட்சேவ் 1962-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. அதைப் படித்துப் பயன்படுத்திக்கொண்டது அமெரிக்காவின் லாக்ஹீட் நிறுவனம். அன்றைய கம்ப்யூட்டர்களால் தட்டையான பரப்புகளுக்குத்தான் கணக்குப் போட முடிந்தது, அந்த நிறுவனத்தின் ஸ்டெல்த் விமானமான எஃப்-117 பட்டை தீட்டிய கல் மாதிரி இருப்பதற்குக் காரணம் அதுவே. 1989-இல் முதன்முதலாகப் பறந்த பி-2 வளைந்த உடலோடு வந்தது. வால் கிடையாது, எஞ்சின்கள் உடலுக்குள் புதைந்திருக்கின்றன, குண்டுகளும் உள்ளேதான்.

"ரேடாரில் சிட்டுக்குருவி அளவுதான் தெரியும்" என்று ஒற்றை அளவைச் சொல்வதையும் விட்டுவிட வேண்டும். எதிரொலி, பார்க்கிற கோணத்தைப் பொறுத்து மாறும். முன்பக்கம் மிகக் குறைவாக இருப்பது பக்கவாட்டில் பல மடங்கு கூடலாம், குண்டு அறையின் கதவு திறந்தால் இன்னும் கூடும். விமானம் போக வேண்டிய பாதையை வகுப்பவர்கள், எந்த ரேடாருக்கு எந்தப் பக்கம் தெரியும் என்று பார்த்துப் பார்த்துத்தான் கோடு போடுகிறார்கள்.

அலைநீளத்தைப் பொறுத்தும் எதிரொலி மாறும். ஏவுகணையை வழிநடத்தும் ரேடார்கள் சில சென்டிமீட்டர் அலைகளில் இயங்குகின்றன, ஸ்டெல்த் முக்கியமாக அவற்றை ஏமாற்றத்தான். பழைய பாணி முன்னெச்சரிக்கை ரேடார்கள் மீட்டர் கணக்கிலான அலையை அனுப்பும். வால், இறக்கை முனை போன்ற பாகங்களின் அளவும் அலைநீளமும் நெருங்கி வரும்போது எதிரொலி பலமாகிறது. அப்படியானால் பழைய ரேடார் போதுமே என்று சிலர் வாதிடுகிறார்கள். போதாது. அது "இந்தப் பக்கம் ஏதோ வருகிறது" என்று சொல்லும், ஏவுகணையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் துல்லியம் அதற்குக் கிடையாது.

இந்த இரண்டு வகை ரேடாரும் சேர்ந்து வேலை செய்த இரவு 1999 மார்ச் 27. நேட்டோ அப்போது யுகோஸ்லாவியா மீது குண்டு வீசிக்கொண்டிருந்தது. பெல்கிரேடுக்கு மேற்கே புட்யானோவ்ட்சி கிராமத்தருகே எஃப்-117 ஒன்று சுட்டு வீழ்த்தப்பட்டது. சுட்டது 1961-இல் சேவைக்கு வந்த எஸ்-125 ஏவுகணை. "ஸ்டெல்த் ஒரு மோசடி" என்று சொல்கிறவர்களுக்கு இன்றுவரை இதுதான் ஆதாரம். நடந்ததைக் கொஞ்சம் கவனித்தால் அந்த முடிவுக்கு வர முடியாது. அதை ஏவிய யுகோஸ்லாவியப் படைப்பிரிவின் தளபதி ஸோல்டான் டானி மீட்டர் அலை ரேடாரால் முதலில் திசையை அறிந்துகொண்டார். இலக்கு பக்கத்தில் வந்த பிறகே ஏவுகணை ரேடாரை இயக்கினார், அதையும் சில நொடிகளுக்கு மேல் விடவில்லை. கூடுதல் நேரம் இயக்கினால் நேட்டோவின் ரேடார் எதிர்ப்பு ஏவுகணை அந்த அலையைப் பிடித்துக்கொண்டே வந்துவிடும். ஏவியதும் தளவாடங்களைக் கட்டிக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்விடுவது அவரது வழக்கம். நேட்டோ பக்கம், எஃப்-117கள் முந்தைய இரவுகளில் போன பாதைகளிலேயே மறுபடியும் போய்க்கொண்டிருந்தன. 78 நாள் நீடித்த அந்தப் போரில் சுட்டு வீழ்த்தப்பட்ட எஃப்-117 அது ஒன்றுதான். பயிற்சியும் ஒழுங்கும் உள்ள ஒரு படைப்பிரிவு, எதிரியின் பழக்கத்தைப் படித்துக் காத்திருந்து அடித்தது. அந்த பைலட் மீட்கப்பட்டார், பிற்காலத்தில் டானியைச் சந்தித்து நண்பரும் ஆனார்.

போன வழியிலேயே திரும்பப் போவது என்ற இதே தவறுக்கு வியட்நாம் போரில், ஹனோயில், அமெரிக்கா இதைவிடப் பெரிய விலை கொடுத்தது. 1972 டிசம்பர் 18-இல் தொடங்கிய குண்டுவீச்சில் அமெரிக்காவின் பி-52 குண்டுவீச்சு விமானங்கள் முதல் மூன்று இரவும் ஏறக்குறைய ஒரே பாதை, ஒரே உயரம், ஒரே இடைவெளி என்று வரிசையாக வந்தன. குண்டு போட்டதும் சட்டென்று திரும்பின. திரும்பும்போது விமானம் சாய்வதால் ரேடாரைக் குழப்ப அது அனுப்பும் ஜாமிங் அலை தரை ரேடாரை விட்டு விலகிவிடும், எதிர்க்காற்றும் சேர்ந்து வேகத்தைக் குறைக்கும். வியட்நாமியர்களின் எஸ்-75 ஏவுகணைகளுக்கு வேறென்ன வேண்டும்? மூன்றாவது இரவில் மட்டும் ஆறு பி-52கள் பறிபோயின. அப்புறம்தான் திட்டம் மாறியது. டிசம்பர் 26-இல் 120 விமானங்கள் பல திசைகளிலிருந்து கால் மணி நேரத்துக்குள் வந்து அடித்தன, இழப்பு இரண்டு. பதினொரு நாளில் மொத்தம் 15 போனதாக அமெரிக்கக் கணக்கு. ஆறு போன இரவிலும் இரண்டு போன இரவிலும் பறந்தவை அதே பி-52கள்தான். தொழில்நுட்பத்தை மட்டும் ஒப்பிட்டு எழுதுகிறவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதே இல்லை.

தாழப் பறந்தால் தப்பிவிடலாம் என்ற எண்ணமும் பரவலாக உண்டு. 1960 மே 1-இல் ஏறத்தாழ 21 கி.மீ. உயரத்தில் பறந்த யு-2 உளவு விமானத்தை சோவியத் ஏவுகணை வீழ்த்திய பிறகு, உயரமே பாதுகாப்பு என்ற நம்பிக்கை உடைந்தது. குண்டுவீச்சு விமானங்கள் தாழ இறங்கின. பூமியின் வளைவு அதற்கு உதவும். 10,000 மீட்டர் உயரத்தில் வரும் விமானம் தரை ரேடாருக்கு 400 கி.மீ.க்கு அப்பாலேயே தெரியலாம், 60 மீட்டரில் வந்தால் 45 கி.மீ. வாக்கில்தான் தெரியும். சரி, ஆனால் மேலிருந்து கீழே பார்க்கும் ரேடார் விமானங்கள் வந்ததும் அந்த மறைவு போயிற்று. பீரங்கியும் தோளில் வைத்துச் சுடும் ஏவுகணையும் தாழ்வில்தான் ஆபத்து. 1991 வளைகுடாப் போரில் பிரிட்டனின் டொர்னாடோ போர் விமானங்கள் இழப்புகளுக்குப் பிறகு தாழ்வான தாக்குதலைக் கைவிட்டு நடு உயரத்துக்கு மாறின.

விமானம் தனியாகப் போய்த் தனியாகவே சாதித்தது என்று எழுதுவதுதான் என்னைப் பொறுத்தவரை மிகவும் கெடுதலான தவறு. 1991 ஜனவரி 17 அதிகாலையில் பாக்தாத் மீது எஃப்-117கள் பறந்ததை எல்லோரும் சொல்வார்கள். அதே அதிகாலையில் ஈராக்கின் எல்லையோர முன்னெச்சரிக்கை ரேடார் நிலையங்களை அப்பாச்சி ஹெலிகாப்டர்கள் தகர்த்ததையும், ரேடார்களை இயக்கத் தூண்டுவதற்காகவே போலி இலக்குகள் அனுப்பப்பட்டதையும் சேர்த்துச் சொல்கிறவர்கள் குறைவு. 2025-லும் அப்படியே: ஏழு பி-2களோடு மொத்தம் 125-க்கும் மேற்பட்ட விமானங்கள் பங்கேற்றன, கவனத்தைத் திருப்ப இன்னொரு பி-2 குழு பசிபிக் பக்கம் அனுப்பப்பட்டது, ஈரானின் வான் பாதுகாப்பை அதற்கு முந்தைய நாட்களிலேயே இஸ்ரேல் பெருமளவு நொறுக்கியிருந்தது.

பல குண்டுவீச்சு விமானங்களுக்கு இன்று மறைய வேண்டிய தேவையே இல்லை. 1952-இல் முதலில் பறந்த பி-52 இன்னும் சேவையில் இருப்பது, விமானம் மாதிரியே பறந்து போகும் க்ரூஸ் ஏவுகணையை அது தூரத்தில் இருந்தே ஏவிவிடும் என்பதால். ரஷ்யாவின் டியு-95 நான்கு புரொப்பெல்லர் எஞ்சின்களோடு ரேடாரில் பளிச்சென்று தெரியும் விமானம். அது காஸ்பியன் கடல் பக்கமிருந்தோ தன் நாட்டு வான்வெளியிலிருந்தோ கேஎச்-101 க்ரூஸ் ஏவுகணைகளை ஏவிவிட்டுத் திரும்பிவிடுகிறது. "டியு-95 உக்ரைனின் வான் பாதுகாப்பை ஊடுருவியது" என்று தலைப்புப் போட்டால் அது தவறான செய்தி. விமானம் அந்தப் பாதுகாப்பின் எல்லைக்குள் வரவே இல்லை, தாழப் பறந்து மலைமடிப்பில் ஒளிந்து வருவது ஏவுகணைதான். உக்ரைன் படையினர் இரவெல்லாம் தேடுவதும் அதைத்தான்.