சொகுசு மின்சாரக் காரில் இ-ஹெய்லிங் ஓட்டினால் கட்டுமா? கணக்கு போடும் விதம்

போன மாசம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்கா மகன் தன் கைப்பேசியை என் இலைக்குப் பக்கத்தில் வைத்தான். திரையில் 1 லட்சத்து 80 ஆயிரம் வெள்ளி மின்சாரக் கார். "கிராப் ஓட்டியே மாசத் தவணையைக் கட்டிரலாம்ல மாமா?" அதே விலையில் ஒன்றை 2024-இல் வாங்கி, சாயங்காலங்களில் இ-ஹெய்லிங், அதாவது கிராப் மாதிரி ஆப்பில் கூப்பிடும் வாடகைச் சவாரி, ஓட்டிக்கொண்டிருப்பவன் நான். ரசம் சாப்பிட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். மோர் வந்த பிறகும் கணக்கு முடியவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். வீட்டை விட்டுக் கிளம்பும்போது காரின் கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள், திரும்பி வந்து கேட்டைச் சாத்தியதும் மறுபடி குறியுங்கள். ஆப் காட்டும் கிலோமீட்டர் ஆள் ஏறி இறங்கிய தூரம் மட்டும்தான். டயர் உருண்டது அதைவிட அதிகம். செலவெல்லாம் டயர் உருண்ட தூரத்துக்குத்தான். என் சுமாரான ஒரு வாரத்தில் கார் ஓடியது 900 கிலோமீட்டர், அதில் காசு கொடுத்தவர்கள் உட்கார்ந்திருந்தது 560. மீதி 340-உம் நான் தனியாக ரேடியோ கேட்டது.

அந்த வாரம் கமிஷன் போக என் கணக்கில் விழுந்தது 982 வெள்ளி. உட்கார்ந்த நேரம் 42 மணி. ஆள் இல்லாமல் திரும்பியபோது கட்டிய டோல் 38, கார் கழுவவும் பார்க்கிங்குக்கும் 30, சார்ஜ் 89. டயருக்கு 81 ஒதுக்கினேன். மின்சாரக் கார் கனம், கிளம்பும் வேகமும் அதிகம். என் நான்கு டயரும் 35,000 கிலோமீட்டரில் வழுக்கையாகிவிட்டன, புதுசுக்கு 3,200 வெள்ளி ஆனது. கிலோமீட்டருக்கு 9 சென் அப்படி வந்ததுதான். இ-ஹெய்லிங் காப்புறுதி, பெர்மிட், சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புச் சந்தா எல்லாம் வாரத்துக்கு 15. கையில் நின்றது 729.

இந்த இடத்தில்தான் எல்லாரும் நோட்டை மூடிவிடுகிறார்கள். நானும் முதல் ஆறு மாசம் அப்படித்தான் மூடினேன், மணிக்கு 17 வெள்ளி வருகிறதே என்று.

கார் தேய்வதைக் கணக்கில் எழுத ஒரு வழி இருக்கிறது. அதே மாடல், அதே வருஷம், ஒன்று 20,000 கிலோமீட்டர் ஓடியது, இன்னொன்று 80,000 ஓடியது என்று வைத்துக்கொண்டு பழைய கார் வியாபாரியிடம் போய் இரண்டுக்கும் விலை கேளுங்கள். ஜாலான் ஈப்போவில் நான் கேட்ட இரண்டு கடையிலும் வித்தியாசம் 27,000 வெள்ளியை ஒட்டியே இருந்தது. 60,000 கிலோமீட்டருக்கு 27,000 என்றால் கிலோமீட்டருக்கு 45 சென். 900 கிலோமீட்டருக்கு 405 வெள்ளி. அந்த 729-இல் இதைக் கழித்தால் 324. மணிக்கு 7 வெள்ளி 71 சென். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ஆனபோது, மணிக்கணக்கில் அது 8 வெள்ளி 72 சென். சூப்பர்மார்க்கெட்டில் தட்டு அடுக்குகிற பையன் என்னைவிட அதிகம் வாங்குகிறான், அவனுக்கு ஓய்வுக்காலச் சேமிப்பான இபிஎஃப்-உம் உண்டு.

இதுவும் கார் ஏற்கெனவே என்னிடம் இருப்பதால் வந்த கணக்கு. ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் வயசாகி விலை இறங்குகிறதே, அதை நான் வேலையின் தலையில் கட்டவில்லை. அக்கா மகன் இந்த வேலைக்கென்றே வாங்கப் போகிறவன், அவன் அதையும் கட்டியாக வேண்டும். முதல் இரண்டு வருஷத்தில் வயசுக்காக மட்டும் 40,000 வெள்ளி இறங்கினாலே வாரத்துக்கு 385. அவன் வாரம் 61 வெள்ளி கைக்காசு போட்டு ஊருக்கெல்லாம் கார் ஓட்டிக்கொண்டிருப்பான். ஒன்று கவனம்: தேய்மானத்தையும் முழுத் தவணையையும் சேர்த்துக் கழிக்காதீர்கள், ஒரே காசை இரண்டு தடவை எழுதியதாகிவிடும். தேய்மானத்தை எழுதினால், தவணையில் வட்டியை மட்டும் எழுதுங்கள். 1 லட்சத்து 62 ஆயிரம் கடன், 9 வருஷம், முழுக் கடனுக்கும் வருஷத்துக்கு 2.4 விழுக்காடு நிலையான வட்டி என்றால் மாதம் 1,824 வெள்ளி, அதில் வட்டி மட்டும் 324. என் வாரச் சம்பாத்தியமும் அதே 324. நான் ஜோடித்தது இல்லை, அப்படி வந்து விழுந்தது.

சார்ஜுக்கு வருவோம். "மின்சாரம் மலிவு" என்பது வீட்டில் சார்ஜர் இருப்பவன் பேச்சு. எனக்கு செலாயாங்கில் தரைவீடு. 2025 ஜூலையில் வந்த புதுக் கட்டணத்தில், நேரத்தைப் பொறுத்த திட்டத்துக்கு மின்சார நிறுவனமான டிஎன்பி-யிடம் எழுதிக் கொடுத்தேன். வார நாளில் இரவு 10 மணியிலிருந்து மறுநாள் மதியம் 2 வரைக்கும், சனி ஞாயிறு முழுக்கவும் யூனிட் கிட்டத்தட்ட 42 சென். என் கார் 100 கிலோமீட்டருக்குச் சார்ஜ் ஆகும்போது வீணாவதோடு சேர்த்து 16.5 யூனிட் குடிக்கிறது, அதாவது 7 வெள்ளி. அதையே வெளியே வேகச் சார்ஜரில் யூனிட் 1 வெள்ளி 40 சென்னுக்குப் போட்டால் 23 வெள்ளி. 2025 செப்டம்பர் 30-இல் தொடங்கிய மானிய விலையில் பெட்ரோல் லிட்டர் 1 வெள்ளி 99 சென். 100 கிலோமீட்டருக்கு 6 லிட்டர் குடிக்கிற மைவி என்ற சின்ன உள்ளூர்க் காருக்கு 12 வெள்ளி. கொண்டோவில் இருந்துகொண்டு வெளிச் சார்ஜரையே நம்பினால் மைவியைப் போல இரண்டு மடங்கு எரிபொருள் செலவு. சார்ஜர் வைக்க கொண்டோ நிர்வாகம் எழுத்தில் சம்மதம் கொடுக்கும் வரை முன்பணம் கட்டாதீர்கள். "பார்க்கலாம் சார்" என்பது சம்மதம் இல்லை.

கூடுதல் கட்டணம் உள்ள பிரீமியம் சவாரிதான் இந்தக் காருக்கு ஒரே நியாயம். அது கிடைக்கும் இடமும் நேரமும் குறைவு: கேஎல்சிசி ஹோட்டல்கள், மோன்ட் கியாரா, டாமன்சாரா ஹைட்ஸ், வெள்ளிக்கிழமை ராத்திரி பங்சார். மத்தியானம் மூன்று மணிக்குச் செந்தூலில் நின்றால் சாதாரணச் சவாரிதான் வரும், அதே கட்டணத்தை மைவிக்காரர் சிரித்துக்கொண்டே எடுத்துப் போவார். விமான நிலையம் ஆசை காட்டும். கேஎல் சென்ட்ரலிலிருந்து ரயில் 57 கிலோமீட்டரை 28 நிமிஷத்தில் ஓடிவிடுகிறது, அதனால் தனி ஆள் ரயிலுக்குப் போய்விடுவார். நமக்கு வருவது குடும்பமும் நாலு பெட்டியும். திரும்பும்போது ஆள் கிடைக்காவிட்டால் அந்தச் சவாரி பாதி விலைக்குப் போனது என்று எழுதிக்கொள்ளுங்கள். முக்கால் மணி நேரத்துக்கு மேல் நான் அங்கே காத்திருப்பதில்லை. காத்திருக்கும்போது ஏர்கானை ஓடவிட்டுப் புகையில்லாமல் தூங்கலாம் என்பது மட்டும் மின்சாரக் காரின் சுகம்.

வாரண்டி புத்தகத்தில் வணிகப் பயன்பாடு என்ற பகுதியைக் கையெழுத்துப் போடும் முன் படியுங்கள். பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 160,000 கிலோமீட்டர் என்று போட்டிருந்தால், முழுநேரம் நாளுக்கு 200 கிலோமீட்டர் ஓட்டுகிறவனுக்கு அது மூன்று வருஷம்கூட வராது. பயணிகளை ஏற்றி ஓட்டுவதற்கான பிஎஸ்வி உரிமமும் பெர்மிட்டும் தெரிந்த கதை.

ஓட்டும் விதம் ஒன்று சொல்ல வேண்டும். பெடலிலிருந்து காலை எடுத்ததும் கார் தானே பிரேக் பிடிக்கும் அமைப்பைக் குறைத்து வையுங்கள், வேகம் எடுப்பதையும் மெதுவான நிலைக்கு மாற்றுங்கள். நமக்கு அது விளையாட்டு, பின்னால் கைப்பேசி பார்த்துக்கொண்டு வருகிறவருக்கு குமட்டல். முதல் மாசம் இரண்டு பேர் ஜன்னலைத் திறக்கச் சொன்னார்கள், ஒருவருக்கு அதற்கும் நேரமில்லை.

வெள்ளை சீட் எடுக்காதீர்கள். தைப்பூசத்துக்கு முதல் ராத்திரி பத்துமலைக்குப் போக ஒரு அம்மா பால்குடத்தோடு ஏறினார். குடத்தை மடியில் இறுக்கிப் பிடித்துத்தான் இருந்தார். ரவுண்டபவுட்டில் ஒரு மோட்டார்சைக்கிள் குறுக்கே வர, நான் பிரேக் போட, கால் லிட்டர் பால் சீட்டின் தையலுக்குள் இறங்கிவிட்டது. அந்த அம்மா என் காருக்காக அழவில்லை, நேர்த்திக்கடனுக்காக அழுதார். கட்டணம்கூட வாங்க மனசு வரவில்லை. மூன்றாம் நாள் கார் முழுக்கப் புளித்த தயிர். சீட்டைக் கழற்றிக் கழுவ 280 வெள்ளி. இப்போது கறுப்பு உறை போட்டிருக்கிறேன், பார்க்க அசிங்கம்தான்.

கதவுப் பிடியையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே அமுங்கிக் கிடக்கும் பிடியை எப்படித் திறப்பது என்று தெரியாமல் ஆட்கள் கண்ணாடியைத் தட்டுவார்கள், பின்னால் நிற்கிற கார் ஹார்ன் அடிக்கும். 'தெக்கான் டி சினி' (இங்கே அழுத்தவும்) என்று மலாயில் சிவப்பு ஸ்டிக்கர் அடித்து நான்கு கதவிலும் ஒட்டினேன். இப்போதும் பத்துப் பேரில் மூன்று பேர் தட்டுகிறார்கள்.