இத்தாலியன்ல டெல், அல், நெல் எல்லாம் டேபிள் மனப்பாடம் பண்ணாம பழகுறது எப்படி

இத்தாலியன் ஆரம்பிச்ச பல பேர் முன்னிடைச்சொல்லும் (ப்ரிபொசிஷன்) ஆர்ட்டிகிளும் ஒட்டுற அந்த 35 கட்டம் போட்ட டேபிளைப் பாத்ததும் மிரண்டுடறாங்க. மொத்தத்தையும் உருப்போட வேண்டாங்க, ஒரு வரிசை நல்லா பதிஞ்சா மிச்சம் தானா வரும்.

டி (-ஓட), ஆ (-க்கு), டா (-ல இருந்து), இன் (-ல, உள்ள), சூ (மேல), இந்த அஞ்சுக்கும் பின்னாடி ஆர்ட்டிகிள் (இங்கிலீஷ் the மாதிரி, இத்தாலியன்ல இல், லோ, லா, ல்', இ, ல்யி, லேன்னு ஏழு) வந்தா ரெண்டும் ஒட்டி ஒரே வார்த்தை ஆயிடும், பிரிச்சு எழுதுனா தப்பு. நாம கடைக்கு, கடையிலன்னு பின்னாடி ஒட்டுறோம், அவங்களுக்கு அது முன்னாடி வருது, அவ்ளோதான்.

முதல்ல டி வரிசைய ஊர்ப் பேர்களை வெச்சே பிடிங்க. ரோம்ல பியாட்சா டெல் போப்போலோ, அது டி கூட இல். ஃபிளாரன்ஸ்ல பியாட்சா டெல்லா சிஞ்ஞோரியா, அது லா. ஆண்பால் வார்த்தை எஸ் கூட இன்னொரு மெய்யெழுத்தோட ஆரம்பிச்சா, இல்ல இசட்ல ஆரம்பிச்சா லோ வரும், அதனால ரோம்ல வியா டெல்லோ ஸ்டாட்டூட்டோ. உயிரெழுத்து வந்தா கடைசி எழுத்து விழுந்துடும், நேப்பிள்ஸ் கோட்டை காஸ்டெல் டெல்'ஓவோ அப்படித்தான். பன்மைக்கு ரோம்ல வியா டெய் ஃபோரி இம்பெரியாலி, ஃபிளாரன்ஸ்ல கல்லேரியா டெல்யி உஃபிட்சி, அப்புறம் டா வின்சியோட கடைசி விருந்து ஓவியம் இருக்கற மிலான் சான்டா மரியா டெல்லே கிராட்சியே. ஏழும் முடிஞ்சுது!

இப்ப முன்னாடி இருக்கற டெ-வை மட்டும் மாத்துங்க. ஆ வந்தா அல், அல்லோ, அல்லா (மிலான்ல டியாட்ரோ அல்லா ஸ்காலா ஞாபகம் வெச்சுக்கங்க), டா வந்தா டல், டல்லா, சூ வந்தா சுல், சுல்லா. இந்த நாலுல இன் மட்டும்தான் உருவமே மாறி நெல், நெல்லா ஆகும், வயல்ல விளையுற நெல்லுன்னு வெச்சுக்கிட்டா மறக்காது.

தினமும் பழக மணி சொல்றதுதான் பெஸ்ட். எட்டு மணிக்குன்னா அல்லே ஓட்டோ, கடை போர்டுல ஒன்பதுல இருந்து ஒண்ணு வரைக்கும்னா டல்லே நோவே அல்'ஊனா, ஒண்ணு ஒருமைங்கறதால அங்க லே வராது.

பெர் (-க்காக), ட்ரா, ஃப்ரா (ரெண்டும் நடுவுல) ஆர்ட்டிகிளோட ஒட்டாது. கோன் (கூட) ஒட்டலாம், கோல்னு பேச்சுல கேப்பீங்க, எழுதும்போது கோன் இல்னு பிரிச்சே எழுதுங்க.

ஆர்ட்டிகிளே வராத இடமும் இருக்கு, அங்கதான் நிறைய பேர் தேவையில்லாம ஒட்டிடறாங்க. வீட்டுக்குன்னா ஆ காசா, இத்தாலியிலன்னா இன் இத்தாலியா. சும்மா கிச்சன்லன்னா இன் குச்சீனா, ஆனா பாட்டியோட கிச்சன்லன்னு குறிப்பா சொன்னா நெல்லா குச்சீனா டெல்லா நொன்னா.