கண் சொக்கும்போது வண்டி ஓட்டாதீர்கள்

பதினெட்டு வருடமாக திருச்சி–சென்னை வாடகை கார் ஓட்டுகிறேன். ஒரு விடியற்காலை பெரம்பலூர் தாண்டியது நினைவிருக்கிறது; அப்புறம் திருமாந்துறை டோல்கேட் விளக்குதான். நடுவில் வந்த ரோடு நினைவிலேயே இல்லை. இத்தனைக்கும் கண் திறந்துதான் இருந்தது.

80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறோம். நாலு நொடி சொக்கினால் கிட்டத்தட்ட 90 மீட்டர், ஓட்ட ஆளே இல்லாமல்.

கொட்டாவிக்காகக் காத்திருக்காதீர்கள். டயர் வெள்ளைக்கோட்டில் ஏறுகிறதா, முன்னால் போகும் லாரி திடீரென்று பக்கத்தில் தெரிகிறதா? போதும், நிறுத்துங்கள். கண்ணாடியை இறக்குவது, பாட்டைச் சத்தமாக வைப்பது, முகம் கழுவுவது எல்லாம் சில நிமிடத்துக்குத்தான். ராத்திரி 2 மணியிலிருந்து 5 மணி வரை உடம்பே தூக்கம் கேட்கும். அதோடு மல்லுக்கட்ட முடியாது. சளி மாத்திரை போட்டிருந்தால் இன்னும் மோசம்.

ரோட்டோரமாக ஒதுக்காதீர்கள், பின்னால் வருபவனும் தூக்கத்தில் இருக்கலாம். வெளிச்சமுள்ள பெட்ரோல் பங்க்குக்குள் போங்கள். முதலில் ஒரு காபி, உடனே தூக்கம். காபி வேலை செய்ய எப்படியும் இருபது நிமிடமாவது ஆகும், அலாரமும் அதே இருபதுக்கு வையுங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள். ஏசி போட்டபடி தூங்கினால் புகை உள்ளே வந்து ஆளையே கொல்லும். எழுந்ததும் சாவியைத் தொடாமல் ஐந்து நிமிடம் நடங்கள்.

“இன்னும் ரெண்டு மணி நேரம்தானே அண்ணே” என்பார்கள் சவாரிக்காரர்கள். “இருபது நிமிஷம் கொடுங்க சார், தூக்கம் வருது” என்று நேராகச் சொல்லிவிடுவேன். இதுவரை ஒருத்தர்தான் முணுமுணுத்தார். அவரும் பின்சீட்டில் குறட்டை விட்டுக்கொண்டுதான் வந்தார்.