கை ஊன்றாமல் எழுந்திருக்க முடிகிறதா? அறுபதுக்கு மேல் தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைக் காலையில் சுற்றி நடப்பவர்களில் நானும் ஒருவன். குளத்தின் ஒரு பக்கம் ஏறத்தாழ 300 மீட்டர்; நான்கு பக்கமும் சேர்த்து ஒரு சுற்று 1,200 மீட்டர் அளவில் வரும். 58 வயதில் பணி ஓய்வு பெற்ற மறுவாரம் தொடங்கிய நடை, 72 வயதிலும் தொடர்கிறது. ஆண்டுதோறும் ஜூன் மாதம் பிறந்தால், புதிதாக ஓய்வு பெற்றவர்கள் புத்தம்புதுக் காலணியோடும், மணிக்கட்டில் அடி எண்ணும் கடிகாரத்தோடும் வந்து சேர்கிறார்கள். நான் செய்த தவறுகளை, ஏறக்குறைய நான் செய்த அதே வரிசையில், அவர்களும் செய்வதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நடந்து முடித்ததும் இரண்டு உளுந்து வடையும் சர்க்கரை தூக்கலாக ஒரு காபியும் சாப்பிடுவது தவறு என்று நான் சொல்லப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும், தெரிந்தேதான் சாப்பிடுகிறோம்.

முதல் வாரமே எட்டுக் கிலோமீட்டர்

2023 நவம்பரில் தமிழக அரசு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தைத் தொடங்கியபோது, மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைத்தடம் ஒன்று குறிக்கப்பட்டது. நல்ல ஏற்பாடுதான். ஆனால், முப்பது ஆண்டுகள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒருவர் அந்த எட்டையே தன் முதல் வாரத்துக்கான அளவாக எடுத்துக்கொண்டால், இரண்டாவது வாரத்தில் காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடியிலேயே குதிகாலில் முள் குத்துவதுபோல வலிக்கும். எனக்கு அந்த வலி நான்கு மாதம் இருந்தது. முதல் வாரம் கால் மணி நேரம் நடந்தால் போதும். பிறகு வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டிக்கொள்ளலாம்.

பத்தாயிரம் அடி

இந்த எண்ணை எந்த மருத்துவரும் கண்டுபிடிக்கவில்லை. 1965இல் ஜப்பானிய நிறுவனம் ஒன்று விற்பனைக்குக் கொண்டுவந்த அடி எண்ணும் கருவியின் பெயரே ‘பத்தாயிரம் அடி மானி’ என்று பொருள்படுவது. அந்தப் பெயர்தான் உலகம் முழுவதும் விதியாகிவிட்டது. சராசரி வயது 72 ஆன பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்களிடம் செய்து 2019இல் வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. ஏறத்தாழ 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தென்படவில்லை. ஆகவே, இரவு ஒன்பது மணிக்குக் கணக்கை முடிப்பதற்காகக் கூடத்துக்கும் சமையலறைக்கும் இடையே நடந்து வீட்டாரின் பொறுமையைச் சோதிக்க வேண்டியதில்லை.

காலணி

குதிகாலைப் பிடிக்காத செருப்பில் நடக்காதீர்கள்.

நடந்தால் போதும் என்று இருந்துவிடுவது

மேலே சொன்னவற்றை எல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லிவிட முடிகிறது. இந்த ஒன்றை மட்டும் எரிச்சல் இல்லாமல் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை. ஏனென்றால் எட்டு ஆண்டுகள், ஒரு நாள் தவறாமல், நான் இதைப் பெருமையோடு செய்துகொண்டிருந்தேன்.

நாள்தோறும் ஐந்து சுற்று, ஆறு கிலோமீட்டர். சர்க்கரை கட்டுக்குள் இருந்தது, இரத்த அழுத்தமும் அப்படியே. மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பற்றிக்கொள்வது வழக்கமாகியிருந்ததையும், கல்யாண வீடுகளில் தரைப் பந்தியைத் தவிர்த்து மேசைப் பந்திக்குக் காத்திருப்பது வழக்கமாகியிருந்ததையும், வயது என்று எடுத்துக்கொண்டேனே தவிர வேறு எதுவாகவும் நினைக்கவில்லை.

66 வயதில், மழை பெய்து விட்டிருந்த ஒரு காலையில், வாசற்படியில் இறங்கும்போது வலது கால் வழுக்கியது. இடது காலைச் சட்டென்று முன்னால் ஊன்றி உடம்பை நிறுத்தியிருக்க வேண்டும். கால் முன்னே வந்தது. ஆனால், உடம்பின் பாரம் இறங்கியதும் முழங்கால் மடிந்துகொண்டது. கையை ஊன்றி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

விழுந்தது பெரிதில்லை. மறுநாள் காலை கழிப்பறை இருக்கையில் உட்கார்ந்த நான், அங்கிருந்து எழ முடியாமல் போனதுதான் என்னை உலுக்கியது. வலது கையை ஊன்ற முடியாது. இடது பக்கம் பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை. இரண்டு முறை முயன்றேன். தொடை நடுங்கியதே ஒழிய உடம்பு மேலே வரவில்லை. கடைசியில் மனைவியைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அக்குளில் கைகொடுத்து அவர் தூக்கிவிட்டபோதுதான், பல ஆண்டுகளாக நான் காலால் எழுந்திருக்கவே இல்லை என்பது எனக்குப் புரிந்தது. நாற்காலியின் கை, கட்டில் சட்டம், சுவர், தொடை என்று எதையாவது கையால் அழுத்தித்தான் எழுந்துகொண்டிருந்திருக்கிறேன். கால் செய்ய வேண்டிய வேலையைக் கை சத்தமில்லாமல் செய்துவந்தது. கை ஒடிந்த அன்று குட்டு வெளிப்பட்டது.

கட்டுப் பிரித்த பிறகு மணிக்கட்டுக்குப் பயிற்சி கொடுக்க வந்த இயன்முறை மருத்துவர் என் மகள் வயதுப் பெண். மணிக்கட்டைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு நாற்காலியைச் சுவரோரம் போட்டு, “அப்பா, ரெண்டு கையையும் மார்புல கட்டிக்கிட்டு, அரை நிமிஷத்துல எத்தனை தடவை எழுந்து உட்காருறீங்கன்னு பார்ப்போம்” என்றார். ஏழு. 65 முதல் 69 வயதுள்ள ஆணுக்கு 12க்குக் கீழே என்றாலும், அதே வயதுப் பெண்ணுக்கு 11க்குக் கீழே என்றாலும் அது சராசரிக்குக் குறைவு, விழும் வாய்ப்பு அதிகம் என்று பொருள். “தினமும் ஆறு கிலோமீட்டர் நடக்கிறேனே அம்மா” என்றேன். “சமதரையில நடக்குறதுக்கு உங்க கால் என்னைக்கோ பழகிருச்சுப்பா. அதுக்கு மேல நீங்க ஒண்ணும் கேக்கல, அதுவும் தரல” என்றார்.

அவர் பிறகு விளக்கியதை என் சொற்களில் சொல்கிறேன். முப்பதுகளில் தொடங்கித் தசை மெல்ல மெல்லக் குறைகிறது. அறுபதுக்கு மேல் குறையும் வேகம் கூடுகிறது. தசையின் அளவு குறைவதைவிட அதன் வலு இன்னும் விரைவாகக் குறைகிறது. அதிலும் முதலில் கழிவது, சட்டென்று சுருங்கி வலுவைக் கொடுக்கும் தசை இழைகள். வழுக்கும்போது உடம்பைத் தாங்கிப் பிடிப்பவை அவைதாம். சமதரையில் நிதானமாக நடக்கும்போது அவற்றுக்கு ஏறக்குறைய வேலையே கிடையாது. நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மனத்துக்கும் செய்யும் நன்மையில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால், தசை வளர வேண்டுமானால் அதன் மேல் பாரம் ஏற வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பைச் சொன்னதோடு நிற்கவில்லை. வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும், மூன்று நாளாவது சமநிலையையும் வலுவையும் சேர்த்துப் பழகும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. முதல் பாதியை மட்டும் எல்லோரும் மனப்பாடம் செய்துவைத்திருக்கிறோம்.

எங்கள் பெற்றோருக்கு இந்தப் பயிற்சி தனியாகத் தேவைப்படவில்லை. தரையில் சப்பணமிட்டுச் சாப்பிட்டு எழுந்தார்கள், கிணற்றில் நீர் இறைத்தார்கள், ஆட்டுக்கல்லில் மாவாட்டினார்கள். அந்த வாழ்க்கை திரும்ப வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆட்டுக்கல் போன அன்று என் அம்மா பட்ட நிம்மதியை நான் பார்த்திருக்கிறேன். ஆனால், அந்த வேலைகள் போனபோது அவற்றோடு சேர்ந்து போன வலுவுக்கு ஈடாக நாம் எதையும் வைக்கவில்லை. பிள்ளையார் முன்னால் போடும் தோப்புக்கரணம்கூட இப்போது முழங்காலை இரண்டு முறை லேசாக அசைப்பதோடு முடிந்துவிடுகிறது.

செய்ய வேண்டியது பெரிய வித்தை அல்ல. கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போட்டு, கையை மார்பில் கட்டிக்கொண்டு பத்து முறை எழுந்து உட்காருங்கள். இரண்டு நிமிடம் ஓய்வெடுத்து இன்னொரு பத்து. எழ முடியாவிட்டால் ஒரு தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். சுலபமாகிவிட்டால் தலையணையை எடுத்துவிடுங்கள். அதுவும் சுலபமானால் ஒரு கட்டைப்பையில் இரண்டு கிலோ அரிசியைப் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு எழுங்கள். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது, சுவரில் இரு கைகளையும் ஊன்றி உடம்பைத் தள்ளுவது, வாசற்படியில் ஒரே காலால் ஏறி இறங்குவது, சுவரோரமாகப் பத்து விநாடி ஒற்றைக்காலில் நிற்பது ஆகியவற்றையும் சேர்த்தால் மொத்தம் இருபது நிமிடம். ஒருநாள் விட்டு ஒருநாள், வாரம் மூன்று முறை. கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்க வேண்டும். சிரமமே இல்லையென்றால் அது பயிற்சி இல்லை. மறுநாள் தொடை கனத்து வலிப்பது இயல்பு; மூட்டில் சுருக்கென்று குத்துவதும் வீங்குவதும் இயல்பல்ல. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள், இதய நோய்க்கு மருந்து எடுப்பவர்கள், மருத்துவரையும் இயன்முறை மருத்துவரையும் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

“இதெல்லாம் ஜிம்முக்குப் போற பசங்களுக்கு சார், நம்ம வயசுக்கு எதுக்கு?” என்பதுதான் தெப்பக்குளத்தில் எனக்குக் கிடைக்கும் வழக்கமான பதில். 1990இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், முதியோர் இல்லத்தில் இருந்த தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் பாரம் தூக்கும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சியை முடித்த ஒன்பது பேரின் தொடை வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது. தொண்ணூறில் வளர்ந்தது அறுபதில் வளராதா?

தசைக்குப் பாரம் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு புரதமும் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம், முதியவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை நல்லது என்கிறார்கள் வல்லுநர்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 60 கிராம். காலையில் மூன்று இட்லி சாப்பிட்டால் வருவது ஆறு கிராம் அளவுதான், சட்னியில் ஒன்றும் பெரிதாக இல்லை. அதோடு ஒரு முட்டை சேர்த்தால் இன்னும் ஆறு; முட்டை சாப்பிடாதவர்கள் ஐம்பது கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் ஏறத்தாழ பத்து. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் தங்கள் மருத்துவர் சொல்லும் அளவைத் தாண்டக் கூடாது.

சென்ற மாதம் புதிதாக வந்து சேர்ந்த ஒருவர், “நேத்து பன்னிரண்டாயிரம் சார்!” என்று கடிகாரத்தைக் காட்டினார். பிறகு படித்துறைக் கல்லில் இருந்து எழுந்தபோது, இரண்டு உள்ளங்கைகளையும் தொடையில் ஊன்றி, முதுகை முன்னால் வளைத்து, “முருகா” என்று எழுந்தார். நான் என் மணிக்கட்டைக் காட்டிக் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு இன்னொரு சுற்றுக்குப் போய்விட்டார்.

காய்ச்சல் விட்ட பிறகும் படுத்தே கிடப்பது

என் அக்கா ஒரு காய்ச்சலுக்குப் பின் இரண்டு வாரம் கட்டிலை விட்டு இறங்கவில்லை. இறங்க விடவில்லை என்பதே சரி. மருமகள் கஞ்சியைக் கையில் கொண்டுவந்து கொடுத்தாள், பேரன் தண்ணீர்ச் செம்பைத் தலைமாட்டிலேயே வைத்தான். உடல்நலமுள்ள முதியவர்களைப் பத்து நாள் படுக்கவைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்துபோயிருந்தது. அக்கா மாடிக்கு ஏறுவதற்கு ஐந்து மாதம் ஆனது. காய்ச்சல் அடிக்கும்போது ஓய்வு வேண்டும். விட்ட மறுநாள், தண்ணீர் குடிப்பதற்காவது எழுந்து போகட்டும். அன்புக்கும் ஓர் அளவு இருக்க வேண்டும்.

சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டு வெறும் வயிற்றில் நடப்பது

எல்லாச் சர்க்கரை மாத்திரையும் ஒன்றல்ல. கிளைமிபிரைடு வகை மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு, ஒன்றும் சாப்பிடாமல் ஒரு மணி நேரம் நடந்தால், சர்க்கரை அபாயமான அளவுக்கு இறங்கக்கூடும். வடக்குக் கரையில் ஒருவர் வியர்த்துக்கொட்டி, கை நடுங்க, பேச்சுக் குழறி உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். பக்கத்துத் தேநீர்க் கடையில் இருந்து சர்க்கரைத் தண்ணீர் வாங்கிக் கொடுத்ததும் பத்து நிமிடத்தில் தெளிந்தார். எந்த மாத்திரையை எப்போது எடுப்பது என்று மருத்துவரிடம் கேளுங்கள். சட்டைப் பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும்.

விசுக்கென்று எழுவது

படுத்திருப்பவர் எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் இரத்த அழுத்தத்தின் மேல் எண் 20 புள்ளிக்கு மேல் இறங்குவதுண்டு. அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கும், இரவில் இரண்டு முறை எழுந்து போகிறவர்களுக்கும் அப்போதுதான் கண் இருட்டும். கட்டிலின் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் அசைத்துவிட்டு எழுங்கள்.

பாரம் தூக்கும்போது மூச்சை அடக்குவது

அடக்காதீர்கள், எழும்போது மூச்சை வெளியே விடுங்கள்.

மார்பு அழுத்தத்தை வாயு என்பது

நடக்கும்போது வந்து, நின்றால் போய்விடுவது வாயு அல்ல.

குறித்துவைக்காமல் விடுவது

நடந்த தூரத்தைக் கடிகாரம் வைத்துக்கொள்கிறது. எழுந்து உட்கார்ந்த எண்ணிக்கையை நாம்தான் வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டுச் சமையலறை மாத நாட்காட்டியில், பால் கணக்குக்குக் கீழே, ஒவ்வொரு மாத முதல் திங்கட்கிழமையும் அரை நிமிட எண்ணிக்கையை எழுதிவருகிறேன். ஏழில் தொடங்கியது பன்னிரண்டைத் தொட ஐந்து மாதம் பிடித்தது. போன மார்கழியில் சளியோடு படுத்து எழுந்த மாதம் பத்து என்று இருக்கிறது; அதற்கு அடுத்த மாதம் பதின்மூன்று. என் எண்ணுக்குப் பக்கத்தில் இப்போது பச்சை மையில் இன்னோர் எண்ணும் இருக்கிறது. அது என் மனைவியுடையது, பதினைந்து.