முகாமிலிருந்து வாடகை வீட்டுக்கு

சேலம் மாவட்டத்தின் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து ஒரு குடும்பம் வெளியே குடியேற விரும்பினால், வீடு தேடுவதற்கு முன்பே கணக்குப் போட உதவுங்கள். முகாமில் இருப்போருக்கு அரசு தரும் மாதப் பணக்கொடை வெளியே வந்தபின் கிடைக்காது என்பதால், வாடகை, மின்கட்டணம், பேருந்துச் செலவு மூன்றையும் கூலி மட்டுமே தாங்குமா என்று குடும்பத்தலைவியோடும் உட்கார்ந்து பாருங்கள். வீட்டுச் செலவை அறிந்தவர் பெரும்பாலும் அவரே.

அடுத்து, முகாமுக்கு வெளியே வசிக்க உரிய அதிகாரிகளின் அனுமதியைப் பெற வேண்டும். வெளியே வசிப்பவர்கள் அருகிலுள்ள காவல் நிலையத்தில் பதிவு செய்துகொள்வதும் கட்டாயம்.

வீட்டு உரிமையாளரின் தயக்கமே கடினமான பகுதி. பெயின்டிங் போன்ற கூலி வேலைக்குப் போகிறவருக்கு மாதச் சம்பளச் சீட்டு இருக்காது. ஆகவே அவரை நன்கறிந்த மேஸ்திரியையோ கடைக்காரரையோ நேரில் அழைத்துச் செல்லுங்கள், அகதி என்பதை மறைக்காதீர்கள், பின்னர் தெரியவந்தால் நம்பிக்கை முறிந்துவிடும். சேலம் நகரின் கொண்டலாம்பட்டியோ அம்மாபேட்டையோ, பிள்ளைகளின் பள்ளி மாறாத இடமே நல்லது என்பது என் எண்ணம். 2017-ஆம் ஆண்டு தமிழ்நாடு வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தை வலியுறுத்துகிறது. வாய்ப்பேச்சை நம்பி முன்பணம் கொடுக்க விடாதீர்கள்.

குடியேறிய முதல் மாதங்களில் அடிக்கடி போய்ப் பாருங்கள்.