முன்பின் தெரியாதவரிடம் பேச்சுக் கொடுப்பது எப்படி

முன்பின் தெரியாத ஒருவரிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நான் முதலில் சொல்ல விரும்புவது எப்படி முடிப்பது என்பதை. பலருக்கு வாய் திறக்கவே தயக்கம் வருவதற்குக் காரணம் என்ன பேசுவது என்று தெரியாதது மட்டும் இல்லை, பேசிவிட்டால் இவரிடம் மாட்டிக்கொள்வோமோ, இறங்கும் இடம் வரைக்கும் விடமாட்டாரோ என்ற பயமும்தான். எப்படி விடைபெறுவது என்று தெரிந்துவிட்டால் அந்தத் தயக்கத்தில் பாதி போய்விடும்.

விடைபெறுவதற்குச் சாமர்த்தியம் எதுவும் வேண்டாம். அவர் சொன்னதில் ஒன்றை எடுத்துச் சொல்லி, ஒரு நன்றியோ வாழ்த்தோ சேர்த்து, கிளம்பிவிட வேண்டியதுதான். "சரி சார், என் முறை வந்துருச்சு, உங்க பொண்ணு பரீட்சை நல்லா எழுதட்டும்." "சரிங்க, இதைக் கொஞ்சம் படிச்சு முடிக்கணும், உங்ககிட்ட பேசினது நல்லா இருந்துச்சு." இதைச் சொல்லும்போது முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், அப்புறம் நிஜமாகவே திரும்பிக்கொள்ளுங்கள். வராத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வதெல்லாம் தேவையில்லை. ஆடம் மாஸ்ட்ரோயானி என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2021-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இருவரும் விரும்பிய நேரத்தில் உரையாடல் முடிவது மிக மிக அபூர்வம் என்று கண்டார்கள். எப்போது நிறுத்தலாம் என்று தோன்றுவதை இருவருமே வெளியில் காட்டிக்கொள்வதில்லை, எதிரில் இருப்பவர் மனதை ஊகிக்கப் போய் இருவருமே தப்பாக ஊகிக்கிறார்கள். அதனால் முதலில் "சரிங்க" என்று எழுந்துகொள்கிறவர் மரியாதைக் குறைவாக ஒன்றும் நடந்துகொள்ளவில்லை, பல நேரம் அவர் எதிராளிக்கும் சேர்த்து உதவி செய்கிறார்.

சரி, எதற்காக இவ்வளவு மெனக்கெட வேண்டும்? 2025-இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, உலகில் 6 பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டிருப்பதாகச் சொல்கிறது. பிரிட்டன் 2018-இலேயே இதைக் கவனிக்க ஓர் அமைச்சரை நியமித்தது. நெருங்கிய நண்பர்களை ஒரே நாளில் உண்டாக்க முடியாது, ஆனால் பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவது இன்றைக்கே முடியும். நிக்கலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் என்ற ஆய்வாளர்கள் இருவரும், 2014-இல் வெளியிட்ட ஆய்வுக்காக, சிகாகோவில் ரயிலிலும் பஸ்ஸிலும் போகிறவர்களில் சிலரைப் பக்கத்தில் இருப்பவரிடம் பேசச் சொன்னார்கள், சிலரைத் தனியாக இருக்கச் சொன்னார்கள், மற்றவர்களை வழக்கம்போல் இருக்கச் சொன்னார்கள். பேசியவர்களுக்குத்தான் பயணம் இனிமையாக இருந்தது. அதே பயணத்தைக் கற்பனை செய்து சொல்லுங்கள் என்று வேறு சிலரிடம் கேட்டபோது, பேசினால் பயணம் கெட்டுப்போகும் என்றுதான் சொன்னார்கள். நம்முடைய கணிப்புதான் பிசகு, அனுபவம் நன்றாகவே இருக்கிறது.

பேசி முடித்த பிறகும் இந்தப் பிசகு தொடர்கிறது என்பதுதான் எனக்கு வருத்தமான விஷயம். எரிகா பூத்பி என்ற உளவியலாளரும் மற்றவர்களும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டியது இது: புதிதாக அறிமுகமான இருவர் பேசி முடித்த பின், எதிரில் இருந்தவருக்குத் தன்னை எவ்வளவு பிடித்தது என்பதை இருவருமே குறைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள். நீங்கள் வீட்டுக்குப் போய் "அப்படி ஏன் உளறினேன்" என்று நினைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அவர் உங்களைப் பற்றி நல்லதாக நினைத்துக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். இதை மனதில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள்.

எதை வைத்து ஆரம்பிப்பது

இருவருக்கும் கண்ணெதிரில் இருப்பதை வைத்து. இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. வரிசை நகரவில்லை, மழை பிடித்துக்கொண்டது, பலகையில் எழுதியிருப்பது புரியவில்லை, அவர் கையில் இருக்கும் பொருள் வித்தியாசமாக இருக்கிறது, இப்படி ஏதாவது ஒன்று. புத்திசாலித்தனமாக ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு போகாதீர்கள், தயார் செய்த வாக்கியம் தயார் செய்ததாகவே காதில் விழும். "எந்த நம்பர் போயிட்டிருக்குங்க?" என்பது மிகச் சாதாரணக் கேள்விதான், ஆனால் அதற்குப் பதில் சொல்ல யாருக்கும் சிரமம் இல்லை, இவர் ஏன் கேட்கிறார் என்ற சந்தேகமும் வராது. சின்ன உதவியாகக் கேட்பது இன்னும் நல்லது. தனக்குத் தெரிந்ததைச் சொல்வது பெரும்பாலானவர்களுக்குச் சந்தோஷம்தான்.

ஆளுடைய தோற்றத்தைப் பற்றிப் பேசி ஆரம்பிக்காதீர்கள், பாராட்டாக இருந்தாலும். அவருடைய உடம்பை விட்டுவிடுங்கள், அவர் செய்துகொண்டிருக்கும் வேலையைப் பற்றியோ கையில் வைத்திருக்கும் பொருளைப் பற்றியோ கேளுங்கள். எப்படி அழைப்பது என்று திண்டாடினால் எதுவும் சொல்லாமல் ஒரு "ங்க" போட்டாலே போதும், மரியாதை வந்துவிடும்.

ஆரம்பித்த பிறகு வருவதுதான் முக்கியம், அதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். ஒருமுறை பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் மடியில் துண்டில் சுற்றிய சுவர்க் கடிகாரம் ஒன்றை வைத்திருந்தார். பெண்டுலத்தைத் தனியாகக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டிருந்தார், அதன் பித்தளை நுனி வெளியே தெரிந்தது. "இது ஓடுதுங்களா?" என்று கேட்டேன். "ஓடாது, ரிப்பேருக்குத்தான் கொண்டு போறேன்" என்றார்.

பெரும்பாலான பேச்சு சாகிற இடம் இதுதான். இந்த இடத்தில் "ஓ, அப்படிங்களா" என்று சொன்னால் முடிந்தது. "எங்க வீட்லயும் இதே மாதிரி ஒண்ணு இருந்துச்சு, எங்க தாத்தா..." என்று ஆரம்பித்தால் பேச்சு தொடரும், ஆனால் அது உங்கள் பேச்சாக மாறிவிடும், அவர் வெறுமனே தலையாட்டிக்கொண்டிருப்பார். அவர் சொன்னதையே பிடித்துக்கொண்டு இன்னும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். "ஓடாததை இவ்வளவு பத்திரமா கொண்டு போறீங்களே, யாருடையதுங்க?" என்று கேட்டேன். "அம்மாவுது. இதோட சத்தம் இல்லாம அவங்களுக்குத் தூக்கம் வரல. பாதி ராத்திரில எழுந்து எழுந்து மணி என்னன்னு கேக்கறாங்க. போன்ல இதே மாதிரி சத்தம் ஒண்ணு போட்டுக் காட்டினேன், இது நம்ம கடிகாரம் இல்லன்னு சொல்லிட்டாங்க." அப்புறம் அவரே பேசினார், நான் நடுநடுவே ஒன்றிரண்டு கேட்டதோடு சரி.

இந்தத் தொடர் கேள்விக்கு இருக்கும் மதிப்பை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். ஹார்வர்டைச் சேர்ந்த கேரன் ஹுவாங்கும் மற்றவர்களும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், அதிகம் கேள்வி கேட்பவர்களை, அதிலும் சொன்ன பதிலிலிருந்தே அடுத்த கேள்வி கேட்பவர்களை, மற்றவர்களுக்கு அதிகம் பிடிக்கிறது என்று தெரியவந்தது. துணை தேடி முதல்முறை சந்தித்தவர்களிலும் இப்படிக் கேட்டவர்களைத்தான் மறுபடி சந்திக்க அதிகம் பேர் சம்மதித்தார்கள். காரணம் லேசானது. பதிலைக் காதில் வாங்காத ஒருவரால் தொடர் கேள்வி கேட்கவே முடியாது, அந்தக் கேள்வியே நீங்கள் கவனித்தீர்கள் என்பதற்குச் சாட்சி.

ஆனால் கேட்டுக்கொண்டே இருந்தாலும் விசாரணை மாதிரி ஆகிவிடும். இரண்டு மூன்று கேள்விக்கு ஒருமுறை உங்களைப் பற்றியும் ஏதாவது சொல்லுங்கள், அதுவும் கொஞ்சம் நிஜமானதாக. "எனக்கும் இந்த மாதிரி இடத்துல காத்திருந்தா படபடப்பா இருக்கும்" என்று சொன்னால் போதும், எதிரில் இருப்பவர் தோள் தளர்வது கண்ணுக்கே தெரியும். மைக்கேல் கார்டாஸ், அமித் குமார், எப்லி மூவரும் செய்த ஆய்வுகளில், புதியவரோடு மேலோட்டமாக இல்லாமல் மனசு விட்டுப் பேசச் சொன்னபோது, அது சங்கடமாக இருக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு எதிர்பார்த்த அளவு சங்கடம் இல்லை, எதிராளியும் நினைத்ததைவிட அதிக அக்கறையோடு கேட்டார்.

சம்பளம், கல்யாணம், குழந்தை, சாதி, மதம் இவற்றைக் கேட்காதீர்கள். அவராக எடுத்தால் கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாகத் தோண்டாதீர்கள். ஆலோசனையும் சொல்லாதீர்கள். ஒருவர் தன் கஷ்டத்தைச் சொல்லும்போது "நீங்க இப்படிப் பண்ணியிருக்கலாமே" என்று ஆரம்பிப்பது, நல்ல மனதோடு சொன்னாலும், திறந்த கதவைச் சாத்துவதுதான்.

வேண்டாம் என்பதைப் புரிந்துகொள்வது

பேச்சுக் கொடுக்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது, பேசாமல் இருக்கும் உரிமை அவருக்கு இருக்கிறது. காதில் ஹெட்போன், ஒற்றை வார்த்தைப் பதில், திருப்பி எதுவும் கேட்காமல் போனைப் பார்ப்பது, உடம்பு உங்களைவிட்டு விலகித் திரும்புவது, இவற்றில் ஒன்றைப் பார்த்தால் அடுத்த கேள்வி வேண்டாம். ஒரு புன்னகையோடு விட்டுவிடுங்கள். அவருக்குத் தலைவலியாக இருக்கலாம், வீட்டில் ஏதோ கவலை இருக்கலாம், அல்லது பேசப் பிடிக்காமலே இருக்கலாம், எதுவாக இருந்தாலும் அது உங்கள் மேல் தீர்ப்பு இல்லை.

ஆண்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். இரவில், ஆள் இல்லாத இடத்தில், லிஃப்டில், தப்பித்துப் போக வழியில்லாத இருக்கையில் தனியாக இருக்கும் பெண்ணிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். உங்கள் எண்ணம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது அவருக்குத் தெரியாது, அந்த நேரத்தில் அவரை யோசிக்க வைப்பதே அவருக்கு ஒரு சுமை. பெண்கள் யாருக்கும் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, மரியாதைக்காகக்கூட இல்லை. யாராக இருந்தாலும் வீட்டு முகவரி, தனியாக இருக்கும் நேரம், பணம் சம்பந்தப்பட்ட விவரம் இவற்றைப் புதியவரிடம் சொல்ல வேண்டாம். அவசரப்படுத்துகிறவரிடமிருந்தும், ரகசியமாக வைத்துக்கொள்ளச் சொல்கிறவரிடமிருந்தும் உடனே விலகிவிடுங்கள்.

கூச்ச சுபாவம் இருந்தால்

வேலை நிமித்தமாக தினமும் உங்களைப் பார்க்கிறவர்களிடம் ஆரம்பியுங்கள். கடையில் பில் போடுகிறவர், வாசலில் காவலுக்கு இருப்பவர், பார்சல் கொண்டு வருகிறவர், அலுவலகத்தைச் சுத்தம் செய்கிறவர். இங்கே பேச்சைத் தொடங்கக் காரணம் தேட வேண்டியதில்லை, சீக்கிரம் முடிந்தும்விடும். கில்லியன் சாண்ட்ஸ்ட்ராம், எலிசபெத் டன் இருவரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், காபிக் கடையில் காசைக் கொடுத்துவிட்டுச் சட்டென்று கிளம்பியவர்களைவிட, பணியாளரின் முகத்தைப் பார்த்துச் சிரித்து ஒரு வார்த்தை பேசியவர்கள் அதிக மகிழ்ச்சியோடு வெளியே வந்தார்கள். நெதர்லாந்தில் ஒரு சூப்பர்மார்க்கெட் நிறுவனம் 2019-இல் பேசிக்கொண்டே நிதானமாகப் பில் போட விரும்புகிறவர்களுக்கென்றே தனி கவுன்ட்டர் திறந்தது. ஆனால் பின்னால் வரிசை நீண்டிருக்கும்போது பில் போடுகிறவரைப் பிடித்து வைத்துக்கொள்ளாதீர்கள், அவர் எழுந்து போக முடியாத இடத்தில் இருக்கிறார்.

அப்புறம் பழக்கம்தான். சாண்ட்ஸ்ட்ராம் குழுவினர் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரம் தினமும் புதியவர்களைத் தேடிப் பேசும் விளையாட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். வாரக் கடைசியில், முகத்தைத் திருப்பிக்கொள்வார்களோ என்ற பயம் குறைந்து, தன்னால் பேச முடியும் என்ற நம்பிக்கை கூடியிருந்தது. ஒரே ஒருமுறை பேசிப் பார்த்துவிட்டு "எனக்கு இது வராது" என்று முடிவு கட்டாதீர்கள். முதல்முறை நன்றாகப் போனால்கூட மனசு அதை "ஏதோ அதிர்ஷ்டம், நல்ல ஆள் கிடைத்தார்" என்று ஒதுக்கிவிடும். தொடர்ந்து பேசினால்தான் நல்ல ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று அது ஒத்துக்கொள்ளும்.

தினமும் பார்க்கும் முகங்கள்

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்த, ஆனால் மிகவும் கஷ்டமான வகை: மாதக்கணக்காகப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம், பேசியதே இல்லை. ஸ்டான்லி மில்கிராம் என்ற உளவியலாளர் 1972-இல் இவர்களைப் பற்றி எழுதினார், பழகிய அந்நியர்கள் என்று இவர்களைச் சொன்னார். வழக்கமான இடத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் சந்திக்கிறார்களோ அவ்வளவு எளிதாக இவர்கள் பேசிக்கொள்வார்கள் என்பது அவர் கவனித்தது. தினமும் ஒரே நடைமேடையில் நின்றும் பேசாத இருவர் வேற்று நாட்டில் எதிரெதிரே வந்தால் ஓடிப்போய்க் கைகொடுப்பார்கள். ஏனென்றால் தினமும் பார்க்கும் இடத்தில் பேசாமல் இருப்பதே ஒரு வழக்கமாகக் கெட்டிப்பட்டுவிடுகிறது, இத்தனை நாள் பேசாமல் இன்றைக்குப் பேசினால் என்ன நினைப்பாரோ என்று இரண்டு பக்கமும் தோன்றும்.

அதை உடைக்க, அந்த வழக்கத்தையே பேச்சாக்குங்கள்: "தினமும் உங்களைப் பார்க்கறேன், இதுவரைக்கும் ஒரு வணக்கம்கூடச் சொன்னதில்ல." பெரும்பாலும் அவரும் இதையே நினைத்துக்கொண்டிருந்திருப்பார். இந்த அறிமுகங்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-இல் விளக்கியது போல, நம் நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும், வேலை காலியாக இருப்பது போன்ற புதிய செய்தி அதிகம் வருவது அரைகுறையாகத் தெரிந்தவர்கள் வழியாகத்தான். ஆனால் அதை எதிர்பார்த்துப் பேசாதீர்கள், எதிர்பார்ப்பு முகத்தில் தெரிந்துவிடும்.

பேசிவிட்டு வந்ததும் அவர் பெயரையும் அவர் சொன்ன ஒரு விஷயத்தையும் போனில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை பார்க்கும்போது வானிலையைப் பற்றி ஆரம்பிக்க வேண்டாம், "போன வாரம் வீடு மாத்தணும்னு சொன்னீங்களே, கிடைச்சுதுங்களா?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.