தூரத்தை 900-ஆல் வகுத்தால் விமான நேரம் வராது

லண்டன்–நியூயார்க் வான்வழித் தூரம் சுமார் 5,540 கி.மீ. விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ. வகுத்தால் 6 மணி 9 நிமிடம். புதிதாகக் கணக்குப் போடுகிற எல்லோரும் இங்கேதான் ஆரம்பிக்கிறார்கள், பலர் இங்கேயே நின்றும்விடுகிறார்கள். மைல், கிலோமீட்டர் குழப்பத்தை விட்டுவிடுவோம். அது தானாகவே பிடிபட்டுவிடும்.

காற்றைக் கணக்கில் சேர்க்காதது

அட்டவணையில் நியூயார்க் போக ஏறத்தாழ 8 மணி, திரும்பி வர 7 மணி என்றிருக்கும். 900 என்பது காற்றைக் கிழித்துப் போகிற வேகம். தரையைக் கடக்கிற வேகம் வேறு. 30,000 அடிக்கு மேலே ஜெட் ஸ்ட்ரீம் என்ற வேகமான காற்றோட்டம் மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது, குளிர்காலத்தில் இன்னும் பலமாக.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "போகும்போது விட்டதை வரும்போது பிடித்துவிடலாமே, சராசரி ஒன்றுதானே?" இல்லை. காற்று மணிக்கு 100 கி.மீ. என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். கிழக்கே 1,000 கி.மீ. வேகத்தில் 5 மணி 32 நிமிடம்; மேற்கே 800-இல் 6 மணி 55 நிமிடம். காற்றே இல்லாத கணக்கைவிட மொத்தம் 9 நிமிடம் கூடுதல். எதிர்க்காற்றில்தான் விமானம் அதிக நேரம் இருக்கிறது, அதனால் விட்டது முழுதாகத் திரும்பி வராது. காற்று 200 ஆனால் அந்த 9 நிமிடம் 38 ஆகிவிடும்.

திரும்பும் நேரத்தையே போகும் நேரமாக எடுத்துக்கொண்டு, தனி டிக்கெட்டில் அடுத்த விமானத்தைப் பிடிக்கத் திட்டமிட்டால் அந்த டிக்கெட் காசு போனதுதான். தனி டிக்கெட் என்றால் இரண்டாவது விமான நிறுவனம் பொதுவாகப் பொறுப்பேற்காது. இரு திசைகளையும் தனித்தனியாகப் போடுங்கள். விமானம் மேலேறி இறங்குவதற்கும் ஓடுபாதை வரிசைக்கும் அரை மணி முதல் ஒரு மணி வரை சேருங்கள். கடைசியில், அதே விமான எண் சென்ற சில வாரங்களில் உண்மையில் எடுத்த நேரத்தோடு ஒப்பிடுங்கள். ஒருநாள் நேரத்தை மட்டும் பார்த்தால் போதாது.

மேற்குத் தீர்க்கரேகைக்கு மைனஸ் போடாதது

தூரத்தையே ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகையிலிருந்து ஃபார்முலா போட்டு எடுப்பவர்களுக்கு இது. நியூயார்க்கின் தீர்க்கரேகை −73.78. மைனஸ் விட்டுப்போனால் புள்ளி கிர்கிஸ்தானில் போய் விழும். வேடிக்கை என்னவென்றால், லண்டனிலிருந்து அதுவும் சுமார் 5,600 கி.மீ.தான்! லண்டன் பூஜ்ஜியத் தீர்க்கரேகைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் தவறு கண்ணில் படாது. அதே ஃபார்முலாவில் நியூயார்க்–டோக்கியோ தூரத்தைப் போட்டால் 10,830 கி.மீ. வர வேண்டிய இடத்தில் 5,700 வரும். எக்செலில் டிகிரியை ரேடியனாக மாற்றினீர்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிகக் குறுகிய தூரமே பாதை என்று நம்புவது

ஹெல்சிங்கி–டோக்கியோ சுமார் 7,800 கி.மீ., முன்பு ஒன்பதரை மணி நேரப் பயணம். 2022-இல் ஐரோப்பிய விமான நிறுவனங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டபின் சுற்றிப் போவதால் 13 மணி. நகரங்கள் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன.

அட்டவணை நேரம்

அது ஒரு விமான நிலையத்தின் கேட்டிலிருந்து (ஏறும் வாயில்) கிளம்பி அடுத்த நிலையத்தின் கேட்டில் நிற்கும் வரையான நேரம். வானில் இருக்கும் நேரம் அதைவிடக் குறைவு.

உள்ளூர் நேரங்களை அப்படியே கழிப்பது

கிளம்பும் நேரம், சேரும் நேரம் இரண்டையும் யூடிசிக்கு (உலகப் பொது நேரம்) மாற்றிவிட்டுக் கழியுங்கள். மார்ச் மாதத்தில் கூடுதல் கவனம் தேவை: அமெரிக்கா இரண்டாம் ஞாயிறே கடிகாரத்தை முன்னே நகர்த்திவிடும், ஐரோப்பா கடைசி ஞாயிறுதான். அந்த இடைவெளியில் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் 5 மணி அல்ல, 4 மணிதான் வித்தியாசம்.